ராட்டினத்தின் எடை எங்கே போகிறது?

(கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த அறிவியல், கணித ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே அரங்கில் அமர்ந்திருக்கிறீர்கள். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கமிருந்து விடியற்காலையிலேயே பேருந்து பிடித்து மலை இறங்கி வந்தவர்களும் இருக்கிறீர்கள். மூன்றாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் ஒருசேரப் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள் என்று அழைத்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்து, ராட்டினத்தை எடுத்துக்கொண்டேன்.

என் தொழில் கட்டமைப்புப் பொறியியல். சில ஆண்டுகள் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தினேன். இப்போது பழைய கட்டடங்களையும், திருவிழா, பொருட்காட்சித் திடல்களில் நிறுத்தும் ராட்டினங்களையும் பார்த்து, அவை எவ்வளவு தாங்கும் என்று சொல்வது என் வேலை.

கருணாபுரத்தில் நின்றுகொண்டு பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது சொற்களை எண்ணித்தான் பேச வேண்டும். 2024 ஜூன் மாதம் விஷச் சாராயம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களில் பலர் இந்தக் கருணாபுரத்துக்காரர்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகள் உங்கள் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் திருவிழா வேண்டும், ராட்டினம் வேண்டும், பள்ளிச் சுற்றுலாவும் வேண்டும். 'ஏறாதே' என்று சொல்லித் தடுக்க நான் வரவில்லை. ஏறுகிற பிள்ளை பத்திரமாக இறங்க வேண்டும். இறங்கிய பிறகு, தன்னைத் தாங்கியது எது என்று கேட்கவும் பழக வேண்டும்.

அதற்கு மூன்று கேள்விகள் போதும். எடை எங்கே போகிறது? போகிற வழியில் ஒன்று அறுந்தால் அடுத்து எது தாங்கும்? அதைக் கடைசியாகப் பார்த்தது யார், எப்போது? ராட்டினத்துக்குக் கேட்கும் இதே கேள்விகளை வகுப்பறைக் கூரைக்கும் கேட்கலாம். இன்றைய பேச்சு முழுவதும் இந்த மூன்றுக்குள்தான்.

எடை போகும் வழி

ஜெயண்ட் வீலில் 30 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை உட்காருகிறது. அந்த 30 கிலோ இருக்கைப் பலகைக்குப் போகிறது. அங்கிருந்து தொட்டிலின் சட்டத்துக்கு, தொட்டில் தொங்கும் பின்னுக்கு, சக்கரத்தின் வட்டச் சட்டத்துக்கு, ஆரக்காலுக்கு, நடு அச்சுக்கு, பேரிங்குக்கு, இருபுறமும் நிற்கும் கால்களுக்கு, காலடித் தகட்டுக்கு, அதன் கீழுள்ள மரக்கட்டைக்கு, கடைசியில் மண்ணுக்கு. பத்துப் பன்னிரண்டு கைகள் மாறித்தான் அந்த எடை தரைக்கு வருகிறது. நடுவில் எந்தக் கையும் தவறவிடக் கூடாது.

கரும்பலகையில் இதை ஒரு படமாக வரைந்து, எடை போகும் வழியை அம்புக்குறிகளால் காட்டச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வரைந்துவிடும். பொறியாளர்கள் செய்வதும் அடிப்படையில் இந்தப் படம்தான். நாங்கள் ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் ஓர் எண் எழுதுகிறோம், அவ்வளவுதான்.

இனி இரண்டாவது கேள்வி. ஓர் ஆரக்கால் உடைந்தால் பக்கத்து ஆரக்கால்கள் அதன் பங்கையும் சேர்த்துத் தாங்கும். சக்கரம் கோணும், சத்தம் வரும், நிறுத்திவிடலாம். ஆனால் நடு அச்சு உடைந்தால் தாங்குவதற்கு வேறெதுவும் இல்லை. தொட்டிலின் பின் கழன்றாலும் அப்படியே. துணை இல்லாத உறுப்புகள் எவை என்று முதலில் கண்டுபிடித்து, அவற்றுக்குக் கூடுதல் பலம், கூடுதல் கவனிப்பு, முடிந்தால் ஒரு மாற்றுத் துணை கொடுப்பதுதான் எங்கள் தொழிலின் பெரும்பகுதி. இருக்கையில் இடுப்புக் கம்பியும் போட்டு, அதற்கு மேல் பெல்ட்டும் போடுவது இதனால்தான். இடுப்புக் கம்பியின் பூட்டு விட்டுக்கொடுத்தாலும் பெல்ட் பிடித்துக்கொள்ளும்.

இந்தச் சக்கரத்தைப் பெரிய அளவில் முதலில் கட்டிக் காட்டியவர் அமெரிக்கர் ஜார்ஜ் ஃபெர்ரிஸ். 1893-ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் நிறுத்திய சக்கரம் 264 அடி உயரம். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். அவர் பாலங்களுக்கான எஃகைச் சோதித்துக் கொடுக்கும் தொழிலில் இருந்தவர். அந்தச் சக்கரத்தின் ஆரங்கள் சைக்கிள் சக்கரக் கம்பிகளைப் போல இழுவிசையில் வேலை செய்தன. உங்கள் பள்ளி வாசலில் அரசு கொடுத்த சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன அல்லவா? ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி, கம்பிகளை விரலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மெல்லிய கம்பியைக் கையால் வளைத்துவிடலாம். இழுத்து அறுக்க முடியாது. இழுக்கும்போது ஒரு பலம், அழுத்தும்போது வேறொரு பலம் என்ற பாடம் அங்கேயே இருக்கிறது.

தொடக்கப் பள்ளியில் இன்னும் எளிதாகச் செய்யலாம். நான்கு ஐஸ் குச்சிகளின் முனைகளை நூலால் கட்டிச் சதுரமாக்குங்கள். பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கட்டுங்கள். தள்ளினாலும் சாயாது. சாய்கிற சதுரத்தில் குறுக்கே ஒரு குச்சி வைத்துக் கட்டினால் அதுவும் நின்றுவிடும். ராட்டினத்தின் கால்களில் ஏன் இத்தனை குறுக்குக் கம்பிகள் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். இரவோடு இரவாகப் பூட்டும் அவசரத்தில் ஒரு குறுக்குக் கம்பியை விட்டுவிட்டால், அந்தப் பக்கம் முக்கோணம் போய்ச் சதுரம் மிஞ்சுகிறது.

சுற்றும்போது எடை ஏறுகிறது

நிற்கும் கட்டடத்துக்கும் சுற்றும் ராட்டினத்துக்கும் பெரிய வேறுபாடு இங்கேதான். ஒன்பதாம் வகுப்பு 'இயக்கம்' பாடத்தில் மையநோக்கு விசை வருகிறது. அதற்குக் குடை ராட்டினத்தைக் கணக்காக எடுக்கலாம்.

ஆரம் 6 மீட்டர். உட்கார்ந்திருப்பவர் 50 கிலோ. ஒரு சுற்றுக்கு 6 விநாடி. கணக்குப் போட்டால் மையநோக்கு விசை ஏறத்தாழ 329 நியூட்டன் வரும். அதாவது சுமார் 33 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. பிள்ளைகள் 'இன்னும் வேகமா, இன்னும் வேகமா' என்று கத்துகிறார்கள். இயக்குபவர் ஒரு சுற்றை 4 விநாடிக்குக் கொண்டுவருகிறார். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. விசையோ இரண்டேகால் மடங்கு கூடி 740 நியூட்டன் ஆகிறது, சுமார் 75 கிலோ. வேகத்தின் வர்க்கம் என்று புத்தகத்தில் இருக்கும் அந்தச் சின்ன 2 இங்கே சங்கிலியை இழுக்கிறது. இயக்குபவர் கூட்டத்தின் குரலுக்கு வேகத்தைக் கூட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

அடுத்து, நம் ஊர்ப் பொருட்காட்சியில் 'கொலம்பஸ்' என்று சொல்லும் கப்பல் ஊஞ்சல். ஊஞ்சலின் கை அச்சின் மட்டம் வரை, அதாவது கிடைமட்டமாக உயர்ந்து, அங்கிருந்து கீழே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் அழிவின்மை விதிப்படி, அடியில் வரும்போது வேகத்தின் வர்க்கம் 2 × புவியீர்ப்பு முடுக்கம் × ஆரம். அதை ஆரத்தால் வகுத்து, சொந்த எடையையும் கூட்டினால், ஊஞ்சலின் கை தாங்கவேண்டியது எடையைப் போல 3 மடங்கு. ஆரம் எவ்வளவு என்பது கணக்கில் அடிபட்டுப் போய்விடுகிறது. சின்ன ஊஞ்சலோ பெரிய ஊஞ்சலோ, அதே 3 மடங்கு. வெற்றுக் கப்பல் 4 டன், அதில் 60 கிலோ வீதம் 30 பேர் என்றால் மொத்தம் 5.8 டன். அடியைக் கடக்கும் அந்த நொடியில் அச்சு சுமப்பது 17.4 டன். பதினொன்றாம் வகுப்புக்கு இது பத்து நிமிடக் கணக்கு.

ஜெயண்ட் வீல் இயக்குபவரைக் கவனித்திருக்கிறீர்களா? ஆட்களை வரிசையாக ஏற்றமாட்டார். ஒரு தொட்டிலை நிரப்பி, சக்கரத்தைத் திருப்பி, எதிர்ப் பக்கத் தொட்டிலை நிரப்புவார். 8 மீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் 200 கிலோ ஒரு பக்கம் மட்டும் இருந்தால், அதன் திருப்புத்திறனைச் சமன்செய்ய மோட்டாரும் பிரேக்கும் போராட வேண்டும். பத்தாம் வகுப்புத் திருப்புத்திறன் பாடத்தை அவர் பள்ளியில் படித்தாரோ இல்லையோ, தினமும் கையால் செய்கிறார். அவரை மாணவர்கள் பார்த்து வந்து வகுப்பில் சொல்லட்டும்.

மண்ணும் காற்றும் மின்கம்பியும்

நிலையான பூங்காவில் இருக்கும் ராட்டினத்துக்கு கான்கிரீட் அடித்தளம் உண்டு. ஊர் ஊராகப் போகும் ராட்டினத்துக்கு ஒவ்வொரு ஊரிலும் புது மண். சித்திரையில் கூவாகத்தில் நிற்கும், அடுத்து வேறொரு ஊரில் அறுவடை முடிந்த வயலில் நிற்கும்.

எட்டாம் வகுப்பு 'விசையும் அழுத்தமும்' பாடம் நினைவிருக்கும். ஆட்களோடு சேர்த்து 12 டன் எடையுள்ள ராட்டினம் நான்கு கால்களில் நிற்கிறது. காலுக்கு 3 டன். காலடித் தகடு 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் என்றால், மண்ணின் மேல் அழுத்தம் சதுர மீட்டருக்கு 33 டன். கட்டைவிரலை அழுத்தினால் சில சென்டிமீட்டர் உள்ளே இறங்கும் மிக மென்மையான களிமண் சதுர மீட்டருக்குப் பாதுகாப்பாகத் தாங்குவது 5 டன் அளவில்தான். ஆகவே தகட்டுக்குக் கீழே ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பரப்பில் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும். அப்போது அழுத்தம் 3 டன்னாகக் குறைந்துவிடும். முதல் நாள் காய்ந்து கெட்டியாக இருந்த மண் இரண்டாம் நாள் இரவு மழைக்குப் பின் அதே மண்ணாக இருக்காது. மழை பெய்த மறுநாள் காலையில் மட்டப்பலகை வைத்துப் பார்க்காமல் ராட்டினத்தை ஓட்டக் கூடாது. கட்டைவிரல் சோதனையைப் பள்ளித் தோட்டத்திலேயே செய்து காட்டலாம்.

காற்றுக்கும் அதே வர்க்கக் கணக்கு உண்டு. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று சதுர மீட்டருக்கு 60 நியூட்டன் அளவுக்குத் தள்ளும். 72 கிலோமீட்டர் ஆனால் 240 நியூட்டன். ராட்டினத்தின் கம்பிகளுக்கு நடுவே காற்று புகுந்து போய்விடும். ஆனால் அதன் மேல் 6 மீட்டருக்கு 4 மீட்டர் ஃபிளெக்ஸ் பேனர் கட்டிவிட்டால், அந்தக் காற்றில் சுமார் 590 கிலோ எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் தள்ளும். வடிவமைத்தவர் அந்தப் பேனரைக் கணக்கில் எடுத்திருக்கமாட்டார். மலையில் கோடை விழா நடத்தும் ஊர்க்காரர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உயரமாக எதை நிறுத்தினாலும் தலைக்கு மேல் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். மேலே போன கம்பி உயிர்களை எடுத்தது.

உள்ளே இருந்து அரிக்கும் துரு

இனி மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

ஒரு கட்டுக்கம்பியைக் கையில் எடுங்கள். ஒரே தரம் வளைத்தால் உடையாது. முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் உடைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கொடுத்த விசை கம்பியை ஒரேயடியாக உடைக்கப் போதாத விசைதான். மீண்டும் மீண்டும் கொடுத்ததால் உடைந்தது. இதை உலோக அயர்ச்சி என்கிறோம். 1842-இல் பாரிஸுக்கு அருகே வெர்சாய் பாதையில் ரயில் என்ஜினின் அச்சு முறிந்து பெரும் விபத்து நடந்தது. பின்னர் ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றிச் சோதித்து, எத்தனை சுழற்சிக்கு எவ்வளவு சுமை தாங்கும் என்ற கணக்கை உருவாக்கினார்.

ராட்டினம் இந்த அயர்ச்சிக்கென்றே செய்ததுபோன்ற பொருள். ஒரு சுற்றில் ஓர் உறுப்பு ஒருமுறை இழுபடும், ஒருமுறை அழுத்தப்படும். ஒரு சவாரிக்கு 10 சுற்று, நாளுக்கு 30 சவாரி என்றால் நாளுக்கு 300. மாதத்துக்கு 9,000. ஆண்டில் பத்து மாதம் ஓடினால் 90,000. பத்து ஆண்டில் 9 லட்சம். விரிசல் பெரும்பாலும் வெல்டிங்கின் ஓரத்தில், போல்ட் துளையின் விளிம்பில், மயிரிழையாகத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாது. சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சைத் தெளித்தால், விரிசலுக்குள் தங்கிய சாயம் சிவப்புக் கோடாக வெளியே வரும். அல்லது ஒலி அலை கொண்டு சோதிக்க வேண்டும்.

2017 ஜூலை 26. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கண்காட்சி தொடங்கிய நாள். 'ஃபயர் பால்' என்ற ஊஞ்சல் ராட்டினத்தின் இருக்கை வரிசை ஒன்று காற்றில் பிய்ந்தது. ஓர் இளைஞர் இறந்தார், 7 பேர் காயமடைந்தனர். ஆய்வாளர்கள் பார்த்து அனுமதி கொடுத்திருந்த ராட்டினம் அது. ராட்டினத்தின் வயது 18. அதைச் செய்த நிறுவனம் ஆராய்ந்து சொன்ன காரணம்: தாங்கும் குழாய்க் கையின் உட்புறத்தில் ஆண்டுக்கணக்கில் துரு அரித்து, எஃகுச் சுவர் மெலிந்துபோயிருந்தது. வெளியே வண்ணம் இருந்தது. குழாய்க்குள் தேங்கிய ஈரம் உள்ளேயிருந்து தின்றுகொண்டிருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, 2019 ஜூலை 14 அன்று, அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் 'டிஸ்கவரி' என்ற ஊசல் ராட்டினம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் தண்டுக்குழாய் முறிந்து, ஆட்களோடு கீழே விழுந்தது. அன்றே 2 பேர் இறந்தனர், 29 பேர் காயமடைந்தனர். நான் சற்று முன் சொன்ன இரண்டாவது கேள்வியை அங்கே கேட்டுப் பாருங்கள். ஊசலுக்கு ஒரே ஒரு தண்டு. அடுத்துத் தாங்க எதுவும் இல்லை. அத்தகைய உறுப்பு உடைந்துபோகும் வரை காத்திருக்க முடியாது. உடைவதற்கு முன்னால் ஒருவர் பார்த்திருக்க வேண்டும், பார்த்ததை எழுதியிருக்க வேண்டும்.

நம் மாநிலத்திலும் படிப்பினைகள் உண்டு. 2016 மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவில் 'டிஸ்கோ டான்சர்' ராட்டினம் சோதனை ஓட்டத்தின்போது சரிந்து ஊழியர் ஒருவர் இறந்தார். சோதனை ஓட்டம் என்பது ஆளுக்குப் பதில் மணல் மூட்டை வைத்துச் செய்யவேண்டியது என்பதற்கு அந்த உயிர் சாட்சி. 2025 மே 27 அன்று சென்னை ஈஞ்சம்பாக்கம் விஜிபி பூங்காவில் ஒரு ராட்டினம் உயரத்தில் நின்றுவிட்டது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மணிக்கணக்கில் மேலே காத்திருந்து, தீயணைப்புத் துறையின் ஏணி ஊர்தியில் பத்திரமாக இறங்கினார்கள். கோளாறு வந்தால் ராட்டினம் விழாமல் நின்றுவிட வேண்டும் என்பது வடிவமைப்பின் நல்ல பக்கம். நின்றவர்களை இறக்க ஏணி எங்கே இருக்கிறது என்று காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் பக்கம்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் கேளிக்கை ராட்டினங்களின் பாதுகாப்புக்கென்று ஐ.எஸ். 15475 என்ற நெறிமுறையை வைத்திருக்கிறது. ஆனால் நெறிமுறை அலமாரியில் இருக்கும். போல்ட்டைப் பார்ப்பது ஓர் ஆள். புதிதாகப் பூசிய வண்ணத்தைக் கண்டு நான் மகிழ்வதில்லை. வண்ணத்தின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்திருந்தால், அதற்குப் பின்னால் ஏதோ அசைகிறது அல்லது விரிசல் விட்டிருக்கிறது. இயக்குபவரிடம் நான் முதலில் கேட்பது தினசரிப் பதிவேடு. கிரீஸ் படிந்த, ஓரம் மடிந்த பதிவேட்டைக் கண்டால் எனக்குப் பாதி நிம்மதி. ஒரே பேனாவில், ஒரே நாளில், முப்பது நாளுக்கும் எழுதிய பதிவேட்டைக் கண்டால் அங்கேயே ராட்டினத்தை நிறுத்தச் சொல்வேன்.

அதே கண் பள்ளிக்குள்

2004 ஜூலை 16 கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் இழந்தோம். 2021 டிசம்பர் 17 திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வுசெய்து, பழுதானவற்றை இடித்தார்கள். அந்த ஆய்வு ஒருமுறை நடந்தது. கட்டடமோ தினமும் வயதாகிக்கொண்டிருக்கிறது. தினமும் அங்கே இருப்பவர்கள் நீங்கள்தான்.

சில எண்களைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். இந்தியத் தரக் குறியீட்டின்படி வகுப்பறைத் தளத்தை வடிவமைக்கும்போது, அதன் சொந்த எடை போக, சதுர மீட்டருக்கு சுமார் 300 கிலோ சுமை எடுத்துக்கொள்கிறோம். நடைபாதைக்கும் படிக்கட்டுக்கும் 400 கிலோ. மணி அடித்ததும் எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில் வெளியே ஓடிவரும் என்பதால் அங்கே கூடுதல். வகுப்பறையில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது இந்த எண்ணுக்கு மிகக் கீழேதான் வரும். ஆனால் விலையில்லாப் பாடநூல்கள் லாரியில் வந்து இறங்கியதும், மாடியில் காலியாக இருக்கும் அறையில் அடுக்கிவைக்கிறோம். ஒரு மீட்டர் உயரம் நெருக்கமாக அடுக்கினால் சதுர மீட்டருக்கு 700 கிலோ அளவுக்குப் போகும். தளம் கணக்கிட்டதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். புத்தகக் கட்டுகள் எப்போதும் தரைத்தளத்தில் இருக்கட்டும்.

மொட்டை மாடியில் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால், தண்ணீர் மட்டுமே ஒரு டன். கூரையின் நடுவில் வைக்காமல், சுவரோ தூணோ நேர்கீழே வரும் இடத்தில், பொறியாளரைக் கேட்டு வையுங்கள். ஆள் ஏறிப் புழங்காத கூரைக்கு வடிவமைப்புச் சுமை சதுர மீட்டருக்கு 75 கிலோ. வடிகுழாயில் இலை அடைத்துக்கொண்டு 10 சென்டிமீட்டர் மழைநீர் தேங்கினாலே 100 கிலோ. கூரையைக் கூட்டித் தள்ளுவது தூய்மைப் பணி மட்டும் என்று நினைத்திருப்போம். அது கட்டமைப்புப் பணியும்கூட.

கூரையின் அடிப்பக்கத்தில் பழுப்புக் கறை, பூச்சு உப்பியிருப்பது, நீளவாக்கில் கோடு: இவை உள்ளே கம்பி துருப்பிடிப்பதன் அடையாளம். துருப்பிடித்த இரும்பு பல மடங்கு பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சுண்ணாம்பு அடித்தால் கறை மறையும், துரு மறையாது. ஒஹாயோ ராட்டினத்தின் வண்ணமும் இதே வேலையைத்தான் செய்தது. சுவரில் சாய்வான விரிசல் கண்டால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அடுத்த மாதம் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால், அது வளர்கிறது. அந்த அறையைப் பூட்டிவிட்டு எழுத்து மூலம் தெரிவியுங்கள். தேதியோடு கூடிய பென்சில் கோட்டை எந்த அலுவலகமும் எளிதில் தள்ளிவிட முடியாது.

மலைப் பள்ளிகளில், குறிப்பாக உண்டு உறைவிடப் பள்ளிகளில், சரிவை வெட்டித் தாங்குசுவர் கட்டியிருப்பார்கள். சுவரில் வரிசையாகச் சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மண்ணுக்குள் இறங்கிய மழைநீர் வெளியேறும் வழி அது. அவை அடைத்துக்கொண்டால் சுவர் மண்ணோடு தண்ணீரையும் சேர்த்துத் தாங்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் ஒரு கம்பியால் குத்திவிடச் செய்யுங்கள். மழையில் அந்தக் குழாய்களில் தண்ணீர் வந்தால் நல்லது. கனமழை பெய்தும் வரவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

தொடக்கப் பள்ளி ஊஞ்சலில் சங்கிலி மாட்டும் கொக்கி பாதி தேய்ந்திருக்கிறதா, கம்பம் மண்ணுக்குள் நுழையும் இடத்தில் துரு தின்றிருக்கிறதா என்று பாருங்கள். தரைமட்டத்தில்தான் கம்பம் முதலில் போகும். தரையில் பதிக்காமல் நிறுத்தியிருக்கும் இரும்புக் கோல் கம்பங்களில் பிள்ளைகள் தொங்குவார்கள். அவற்றைப் பின்பக்கம் கட்டாயம் ஊன்றிவையுங்கள்.

சுற்றுலாவுக்கு அழைத்துப் போகும்போது உயரக் குறியீட்டுக் கம்பத்தில் சிபாரிசு செய்யாதீர்கள். 'சார், ஒரு இன்ச்தானே குறைவு' என்று பிள்ளை அழும். அந்த ஓர் அங்குலம் பிள்ளையின் உடல் இடுப்புக் கம்பிக்குள் நிற்குமா, நழுவுமா என்பதற்கான அளவு. இருக்கையில் பூட்டு ஆடினால் பிள்ளையை இறக்கிவிடுங்கள். பயணச்சீட்டுக் காசு போகட்டும்.

ஒரு வேண்டுகோள்

இவ்வளவையும் ஆசிரியர்கள் தலையில் கட்டுகிறாரே என்று நினைக்கலாம். பொறியாளர் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். எந்தக் கட்டடம் நிற்கும், எது நிற்காது என்று தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். பார்ப்பது, தேதியோடு எழுதுவது, சந்தேகம் என்றால் பிள்ளைகளை அப்புறப்படுத்துவது, எழுத்து மூலம் தெரிவிப்பது என்ற நான்கும் போதும். மாதம் ஒரு நாள், பள்ளி முடிந்தபின் அரை மணி நேரம்.

பிள்ளைகளை ஆய்வுக்கு அனுப்பாதீர்கள். விரிசல் சுவருக்குப் பக்கத்தில் அவர்களுக்கு வேலை இல்லை. அவர்களுக்கான வேலை வேறு. அடுத்த திருவிழா முடிந்து வந்ததும், தாங்கள் ஏறிய ராட்டினத்தை வரைந்து, தங்கள் எடை மண்ணுக்குப் போன வழியை அம்புக்குறியால் காட்டச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்பு படம் வரையட்டும், ஒன்பதாம் வகுப்பு விசையைக் கணக்கிடட்டும், பதினொன்றாம் வகுப்பு துணையில்லாத உறுப்பு எது என்று கண்டுபிடிக்கட்டும். அந்தப் பிள்ளைகளில் யாரோ ஒருவர் நாளைக்கு வெல்டராகவோ, ராட்டினம் பூட்டும் மெக்கானிக்காகவோ, ஊராட்சித் தலைவராகவோ, பொறியாளராகவோ வருவார். அன்றைக்கு ஒரு போல்ட்டின் முன் நின்று, இதைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று கேட்டால், அதுவே எனக்குப் போதும்.

 உங்கள் பள்ளிக் கட்டடம் பற்றிய கேள்விகள் இருந்தால், படம் எடுத்து வந்திருந்தால் கொடுங்கள், தேநீர் இடைவேளையில் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.